கிள்ளானில் ஒரு தலைகீழ் வரைபடம்

கோலாலம்பூரில் இறங்கும்போது என் கைப்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, நான் எதற்காகப் போகிறேன் என்று சொல்லும் அலுவலக ஆணை. மற்றொன்று, நானே எழுதிக் கொடுத்த ஒரு புகாரின் நகல். ஊர் திரும்பிய மறுவாரம் அந்தப் புகார்மேல் விசாரணை இருந்தது. நேரம் கிடைக்கும்போது படித்துத் தயாராகலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் உள்ள ஒரு கப்பல் கட்டும் தளத்தில் நான் குழாய் வரைபடத் துறையின் தலைவர். இருபத்தாறு வருட சர்வீஸ். கப்பலுக்குள் எண்ணெயும் தண்ணீரும் காற்றும் எந்தக் குழாயில், எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது எங்கள் வேலை. எங்களுக்கு மேல்மாடியில் இரும்புக்கூடு வரைகிறவர்கள், அதற்கும் மேலே மின்சாரக்காரர்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு கதவு, ஒரு பெயர்ப்பலகை, ஒரு முத்திரை. என் முத்திரை இல்லாத தாளை வைத்துக்கொண்டு தளத்தில் யாரும் ஒரு சாண் குழாயைக்கூட வெட்டக் கூடாது.

அந்தோணி வெட்டிவிட்டார். அவர் குழாய் பொருத்தும் பிரிவின் ஃபோர்மேன். இப்போதெல்லாம் கப்பலைப் பெரிய பெரிய துண்டுகளாகத் தரையில் கட்டி, பிறகு கிரேனில் தூக்கி ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். அந்தத் துண்டுக்கு பிளாக் என்று பெயர். அந்தோணி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் தானே ஒரு படம் போட்டு, அதை வைத்தே ஒரு பிளாக்கின் குழாய் வேலையை முடித்திருக்கிறார். தணிக்கைக்கு வந்தவர் கண்ணில் அந்தத் தாள் பட்டது. கேள்வி என்னிடம் வந்தது. ‘துறை முத்திரையற்ற, தலைகீழாகவும் பொறுப்பின்றியும் வரையப்பட்ட தாள்’ என்று புகாரில் எழுதினேன். எழுதும்போது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தோணியை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். விசாரணையில் நான் சொல்வதை வைத்துத்தான் அவர் வேலை நிற்குமா, போகுமா என்பது முடிவாகும்.

பயணத்துக்கு வந்த காரணம் வேறு. ஒரே உரிமையாளர், ஒரே மாதிரியான இழுவைக் கப்பல் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ஒன்று எங்களிடம், இன்னொன்று கிள்ளானில் ஆற்றோரமாக இருக்கும் ஒரு சின்னத் தளத்தில். எங்களுக்குப் பிறகு ஆரம்பித்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். ‘போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று உரிமையாளரே அவர்களிடம் பேசி ஏற்பாடு செய்தார். எங்கள் நிர்வாக இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, “ஏதாவது குறுக்குவழி இருக்கும். கண்டுபிடிச்சு எழுதுங்க” என்றார். இருக்கும் என்றுதான் நானும் நம்பினேன்.

தங்கியது பிரிக்பீல்ட்ஸில். ஜன்னலைத் திறந்தால் பூக்கடை, நகைக்கடை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. வெளிநாடு வந்த மாதிரியே இல்லை. கீழே இறங்கி வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். சோறு போட்ட கையோடு மூன்று வகைக் காயும் பாகற்காய் வறுவலும் வந்தன. எங்கள் ஊரில் பாகற்காயை இப்படி மொறுமொறுவென்று வறுக்கத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இலையை என் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன். பரிமாறிய அக்கா, “சாப்பாடு நல்லா இருந்துச்சா அங்கிள்?” என்று கேட்டார். அங்கிள் என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆபீஸில் சார், வீட்டில் அப்பா. முதல் அதிர்ச்சி அதுதான் என்று மனைவிக்கு போனில் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு வந்த அதிர்ச்சிகளுக்கு அப்படிச் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை கிள்ளானுக்கு ரயில். நிலையத்தில் வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த கதவு எதுவோ அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தேங்காய்ப்பால் சோற்று வாசனையில் கவனம் முழுக்க அதிலேயே இருந்தது. இரண்டு நிலையம் தாண்டிய பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். பெட்டி முழுக்கப் பெண்கள். எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த ஒரு தமிழ்ப்பெண் மெதுவாக, “அங்கிள், இது லேடீஸ் கோச். கதவுல பெருசா போட்டிருக்கு லா. அடுத்த ஸ்டேசன்ல எறங்கி மாறிக்குங்க” என்றார். ‘லா’ என்பது அங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் ஓர் அசை. இறங்கினேன். மாறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அடுத்த ரயில் வரும் வரை நடைமேடையில் நின்று நாசி லெமாக்கைத் தின்று முடித்தேன். பெயர்ப்பலகையைப் படிக்காமல் உள்ளே நுழையும் ஆளை எங்கள் ஆபீஸில் நான் என்ன பாடு படுத்துவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கிள்ளான் நிலையத்திலிருந்து கார். ஓட்டியவர் பெயர் சேகரன். முன்பு மேரு பக்கத் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டியவராம். போகும் இடத்தைச் சொன்னதும், “அந்தக் கம்பெனியா? முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமகூட வெல்டிங் சத்தம் கேக்கும் பாஸ். இப்ப அஞ்சு மணிக்கெல்லாம் ஆளுங்க வீட்டுக்குப் போறாங்க. கம்பெனி படுத்துருச்சுன்னு நெனச்சேன். பாத்தா கப்பல் மேல கப்பலா வெளிய வருது லா. என்ன செய்றாங்கன்னே தெரியல” என்றார். குறுக்குவழி இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டதாக நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

தளத்தைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. எங்களுடையதில் கால்வாசிகூட இல்லை. வரைபட அலுவலகம் என்று அவர்கள் காட்டியது, கட்டுமானக் கொட்டகைக்குள்ளேயே இருந்த ஒரு நீளமான கண்ணாடி அறை. உள்ளே உட்கார்ந்தபடியே பிளாக் கட்டுகிறவர்களைப் பார்க்கலாம், அவர்களும் உள்ளே பார்க்கலாம். என்னை வரவேற்றவர் கலைவாணி, எல்லோருக்கும் கலை. முப்பத்தைந்து வயது இருக்கும். இயந்திர அறைக்குப் பொறுப்பு அவர்தான் என்று அறிமுகம் செய்தார்கள். பாதுகாப்புக் காலணியில் சேறு ஒட்டியிருந்தது. அதே காலணியோடு வரைபட அறைக்குள் போய் வந்துகொண்டிருந்தார். எங்கள் அறைவாசலில் செருப்பைக் கழற்றாத ஃபோர்மேனை உள்ளே விட்டதில்லை.

“குழாய் டிபார்ட்மென்ட் எங்கம்மா?” என்று கேட்டேன்.

“டிபார்ட்மென்ட் இல்ல அங்கிள். மேசைதான்.”

மூன்று மேசைகள். ஒன்று கப்பலின் முன்பக்கத்துக்கு, ஒன்று இயந்திர அறைக்கு, ஒன்று மேலே மாலுமிகள் தங்கும் அறைகளுக்கு. ஒவ்வொரு மேசையிலும் குழாய்க்காரர் ஒருவர், மின்சாரக்காரர் ஒருவர், இரும்புக்கூடு வரைகிறவர் ஒருவர், எந்த வேலை எந்த வாரம் என்று திட்டமிடுகிறவர் ஒருவர். தங்கள் பகுதிக்குள் வருகிற எல்லாவற்றையும் அவர்களே சேர்ந்து வரைகிறார்கள். ஓரத்தில் தனியாக இரண்டு பேர். ஒரு எண்ணெய்க் குழாய் கப்பலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சரியாகப் போய்ச் சேருகிறதா என்று மொத்தமாகப் பார்ப்பது அவர்கள் வேலை. அவ்வளவுதான் மொத்த அலுவலகமும்.

என் துறையில் மட்டும் பத்தொன்பது பேர். “பைப்ஸுக்குத் தலைவர்னு யாருமே இல்லையா?” என்று மறுபடியும் கேட்டேன். கேட்டது அந்தத் தலைவர் நாற்காலிக்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

“இருந்தாங்க அங்கிள். நான் சேரும்போது நாலு தலைவர் இருந்தாங்க, நாலு ரூம். ஒரு பைப் ஒரு பீமுக்குள்ள போகணும்னா ரெண்டு ரூமுக்கும் லெட்டர் போகும். ஒருத்தரு ரொம்ப கோவிச்சுக்கிட்டு வேலைய விட்டுட்டே போய்ட்டாரு. நல்ல மனுசன்தான், பாவம்.”

பிறகு என்னைக் கொட்டகைக்குள் கூட்டிப் போனார். அங்கே இயந்திர அறையின் பிளாக் தலைகீழாகக் கிடந்தது. தலைகீழ் பிளாக் எங்களுக்குப் புதிதில்லை. மேல்தளத் தகட்டைத் தரையில் போட்டு அதன்மேல் கட்டினால் வெல்டிங்காரர் அண்ணாந்து வேலை செய்ய வேண்டியதில்லை, குனிந்தே செய்யலாம். எங்களிடம் வழக்கப்படி அந்த நிலையில் அது வெறும் இரும்பு. நிமிர்த்தி, கப்பலோடு சேர்த்த பிறகுதான் குழாய்க்காரர்கள் உள்ளே போவார்கள். அண்ணாந்து, கழுத்து வலிக்க, சாரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்வார்கள். இங்கே தலைகீழாகக் கிடந்த பிளாக்கிலேயே குழாய்கள் அத்தனையும் பொருத்தியிருந்தன. மின்கம்பித் தட்டுகளும் இருந்தன. பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். நாளைக்குக் கூரையில் தொங்கப்போவதெல்லாம் இன்றைக்கு என் முழங்கால் உயரத்தில் நின்றன.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஃபோர்மேன் ஒரு மலாய்க்காரர். எல்லோரும் அவரைப் பாக் மாட் என்று கூப்பிட்டார்கள். அவர் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சரி, தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று திருப்பினேன். எழுத்தெல்லாம் தலைகீழானது. மறுபடி திருப்பினேன். எழுத்து நேரானது, கப்பல் தலைகீழானது. மூன்றாவது முறை திருப்பும்போது பாக் மாட் மலாயில் ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலை மொழிபெயர்த்தார்: “தாள திருப்ப வேணாம், கப்பலே திரும்பித்தான் கெடக்குன்னு சொல்றாரு.”

வேலை செய்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே அந்தத் தாள் வரையப்பட்டிருந்தது. குழாய், கம்பித்தட்டு, தாங்கிகள் எல்லாம் ஒரே தாளில். பிளாக்கைத் திருப்புவதற்கு முன்னால் செய்யும் வேலைக்கு ஒரு தாள், திருப்பிய பிறகு செய்வதற்கு இன்னொரு தாள். எங்கள் தளத்தில் இதே பிளாக்குக்கு என் துறை கொடுத்தது பதினேழு தாள்கள். ஒவ்வொன்றும் ஒரு குழாய் வழியைக் கப்பல் முழுக்கக் காட்டும். அதில் தன் பிளாக்குக்குள் வருகிற அரை அடித் துண்டை ஃபோர்மேன்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாத் தாளிலும் கப்பல் நேராகவே நிற்கும். தளத்தில் அது தலைகீழாகக் கிடக்கிறதே என்று இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

தாளின் கீழ்மூலையில் நான்கு கையெழுத்துகள் இருந்தன. நான்காவது பாக் மாட்டுடையது. “இவர் எதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார்?” என்றேன்.

“அவரு போடலன்னா பேப்பர் வெளிய போகாது அங்கிள். செய்யப்போறது அவருதானே. செய்ய முடியும்னு அவருதான் சொல்லணும்.”

ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டால்தான் வரைபடம் செல்லும். எங்கள் ஊரில் ஃபோர்மேன் ஒரு கோடு போட்டதற்கு இடைநீக்கம். ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சின்னத் தளம், நம்முடைய அளவுக்கு இதெல்லாம் சரிவராது என்று ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் மழை. ரயிலை நம்பாமல் சேகரனையே பிரிக்பீல்ட்ஸுக்கு வரவழைத்தேன். நெடுஞ்சாலையில் கார்கள் அப்படியே நின்றன. ஒரு மணி நேரமாகியும் நகரவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் இறங்கிப் போக்குவரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்திருப்பார்கள், இன்னும் மோசமாகியிருக்கும். சேகரன் ஒரு பக்கத்து ரோட்டில் இறக்கி, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினார். “ஜாம் கலையட்டும் பாஸ். வாங்க, ரொட்டி சாப்டலாம்.” கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். இரண்டு குவளைகளுக்கு நடுவே தேநீரை நீளமாக இழுத்து ஆற்றிக்கொண்டே, “கப்பல் வேலையா? நம்ம ஆளுங்க கப்பல்ல வந்துதான் இங்க கட போட்டோம்” என்றார். ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொண்ட பருப்புக் குழம்பு நன்றாக இருந்தது. தாமதமானதற்கான எரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

அன்று எப்படியாவது ஒரு குறையைக் கண்டுபிடிப்பது என்று போனேன். கண்டுபிடித்தும்விட்டேன். இயந்திர அறை மேசையும் முன்பக்க மேசையும் சந்திக்கும் இடத்தில், ஒரு குழாய் இந்தத் தாளில் ஓர் உயரத்திலும் அந்தத் தாளில் வேறொரு உயரத்திலும் இருந்தது. ஒரு கையகல வித்தியாசம். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். இதற்குத்தான் குழாய் முழுவதையும் ஒரே துறை வரைய வேண்டும் என்பது. “கலை, இங்க பாருங்க” என்று காட்டினேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி சோற்றில் கல் எடுத்துக் காட்டுகிற மாதிரிதான் இருந்திருக்கும். எனக்குக் கூச்சமே இல்லை.

கலை பார்த்தார். முகம் ஒன்றும் மாறவில்லை. “ஆமா லா. நல்லா கண்டுபிடிச்சீங்க அங்கிள், தேங்க்ஸ்” என்றார். எழுந்து அடுத்த மேசைக்குப் போனார். கலை, அந்த மேசைக்காரர், ஓரத்தில் இருந்த இருவரில் ஒருவர், கண்ணாடிக்கு வெளியிலிருந்து கைகாட்டிக் கூப்பிடப்பட்ட பாக் மாட், நால்வரும் ஒரு திரைமுன் நின்றார்கள். பாக் மாட் கையால் ஓர் உயரத்தைக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் கொடுத்திருந்த தே-ஓ என்ற பாலில்லாத் தேநீர் ஆறுவதற்குள் புதிய தாளில் நான்கு கையெழுத்தும் விழுந்துவிட்டன.

எங்களிடம் இப்படி ஒன்று வந்தால் நான் இரும்புக்கூட்டுத் துறைக்குக் கடிதம் எழுதுவேன். அவர்கள் எங்கள் தவறு இல்லை என்று பதில் எழுதுவார்கள். நான் அவர்களுடைய பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்துச் சுட்டிக்காட்டுவேன். மூன்றாவது கடிதத்தில் நிர்வாக இயக்குநருக்கு நகல் போகும். இதற்குள் தளத்தில் பிளாக் மூடப்பட்டிருக்கும். பிறகு நிமிர்ந்து நிற்கும் கப்பலில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகுவார்கள். எங்கள் இழுவைக் கப்பலில் அப்படிப் போட்ட ஓட்டைகளை நினைத்துப் பார்த்தேன். அவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் கையெழுத்திட்ட ஒரு நல்ல கடிதம் இருக்கிறது.

நான்காம் நாள் அந்த பிளாக்கைத் திருப்பினார்கள். இரண்டு கிரேன்கள். அதிலுள்ள குழாய்களெல்லாம் கழன்று கொட்டும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அதற்காகவே முன்வரிசையில் நின்றேன் என்றுகூடச் சொல்லலாம். பிளாக் தரையிலிருந்து எழும்பிச் செங்குத்தாகி, மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. பாக் மாட் விசில் ஊதிக்கொண்டே கையசைத்தார். எங்கிருந்தோ ஒரே ஒரு நட்டு உருண்டு விழுந்தது. வேறெதுவும் விழவில்லை. தரையில் உட்கார்ந்ததும் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். முழங்கால் உயரத்தில் நின்ற குழாய்களெல்லாம் தலைக்கு மேலே, அததன் இடத்தில் தொங்கின. எங்கள் குழாய்க்காரர்கள் மாதக்கணக்கில் கழுத்தை ஒடித்துச் செய்கிற வேலை. எனக்குக் கண் கலங்கியது. ஆத்திரமா, வெட்கமா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

மதியம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து குறிப்பெழுத நோட்டை இழுத்தேன். கூடவே புகாரின் நகலும் வந்து மேசையில் விழுந்தது. அதோடு இணைத்திருந்த அந்தோணியின் காலண்டர் தாள் நகல் மேலே கிடந்தது. நான் எடுப்பதற்குள் கலை எடுத்துவிட்டார். திருப்பவில்லை. இருந்தபடியே பார்த்தார். விரலால் ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக்கொண்டே போனார்.

“நம்ம பிளாக்குதானே அங்கிள் இது? திருப்புறதுக்கு முன்னாடி ஸ்டேஜ். அட, நாங்க பண்ணுன மாதிரியே இருக்கு. இந்த வளைவு எங்களோடதவிட நல்லா போட்டிருக்காரு, ஒரு வெல்டிங் மிச்சம்.” கொஞ்சம் நிறுத்தினார். “டேங்க்ல காத்து போக விடுற வென்ட் பைப் மட்டும் விட்டுட்டாரு. மத்தபடி எல்லாம் சரி. இதுதான் உங்க புது சிஸ்டமா? யாரு வரைஞ்சது, உங்க பைப் டிசைன் ஹெட்டா?”

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. தலையாட்டியிருந்தால் போதும்.

“பைப் டிசைன் ஹெட் நான்தாம்மா” என்றேன். “இதை வரைஞ்சவர் எங்க ஃபோர்மேன். இதை வரைஞ்சதுக்காக அவரை இப்ப சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. புகார் கொடுத்தது நான்.”

கலை தாளை மேசையில் வைத்தார். மெதுவாக, இரண்டு கையாலும் வைத்தார். கண்ணாடிக்கு வெளியே பாக் மாட் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா வெஸ்ட்போர்ட் பக்கத்துல ஒரு யார்டுல பைப் ஃபிட்டரா இருந்தாரு அங்கிள்” என்றார். “டிராயிங் தப்புன்னு சொன்னா, ஒன்ன யாரு கேட்டான்னு சொல்வாங்களாம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட வரைஞ்சு காட்டுவாரு. நான் படிச்சதே அதனாலதான்.” பிறகு சாதாரணக் குரலில், “சாப்டாச்சா? கேன்டீன் மூடிருவாங்க, வாங்க போவோம்” என்று எழுந்தார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. கேன்டீனில் வைத்த மீன் குழம்பு எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் காலை, விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் நின்று அந்தோணிக்கு போன் செய்தேன். விசாரணைக்கு முன்னால் அவரோடு பேசக் கூடாது என்பது விதி. இருபத்தாறு வருடத்தில் நான் தெரிந்தே மீறிய முதல் விதி அதுவாகத்தான் இருக்கும்.

“சொல்லுங்க சார்” என்றார். குரலில் மரியாதை இருந்தது, வேறெதுவும் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். “அந்தோணி, உங்க தாள்ல டேங்க் வென்ட் பைப் விட்டுப்போயிருக்கு. ஏன்?”

குற்றச்சாட்டில் இன்னொன்று சேருகிறது என்று நினைத்திருப்பார்.

“விட்டுப்போகல சார். அதுக்கு டிராயிங்கே வரலை. மத்த பதினேழு தாளையும் சேர்த்து வச்சுத்தான் அதை வரைஞ்சேன். என் இஷ்டத்துக்கு ஒரு கோடுகூடப் போடலை சார். வென்ட்டுக்குத் தாள் வந்தாத்தானே போடமுடியும்? நாலு தடவை எழுதிக் கேட்டேன். உங்க டிபார்ட்மென்ட்ல இருந்து பதிலே வரலை.”

ரயில் ஒன்று மேலே பாலத்தில் போனது. அவர் தன் இஷ்டத்துக்கு வரைந்ததாக நான் எழுதியிருந்தேன். என் தாள்களையேதான் ஒன்றாகச் சேர்த்து, வேலைக்காரன் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார். என் துறை செய்யவேண்டிய வேலையை, என் துறையின் காகிதத்தை வைத்தே செய்த மனிதன்மேல் நான் புகார் கொடுத்திருக்கிறேன்.

“மன்னிச்சிருங்க அந்தோணி” என்றேன்.

“வழியில இருக்கீங்க போல சார். சத்தமா இருக்கு. பத்திரமா வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று விமானம் ஏறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வந்ததும் அறிக்கை எழுதினேன். மூன்று மேசைகள், ஓரத்தில் இருவர், தாளில் ஃபோர்மேனின் கையெழுத்து, எல்லாவற்றையும் எழுதினேன். குழாய் வரைபடத் துறை என்று தனியாக ஒன்று வேண்டாம் என்றும் எழுதினேன். நிர்வாக இயக்குநர் படித்துவிட்டு, “உங்களக் குறுக்குவழி கண்டுபிடிக்கத்தானே அனுப்பினேன்?” என்றார். அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அறிக்கை இன்னும் அவர் மேசையில் இருக்கிறது.

விசாரணை அதற்காகக் காத்திருக்கவில்லை. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றதற்கு, பதிவான புகாரைத் திரும்பப் பெற முடியாது, சாட்சியம் மட்டும் சொல்லலாம் என்றார் விசாரணை அதிகாரி. சொன்னேன். தாளில் உள்ள ஒவ்வொரு குழாயும் என் துறை கொடுத்தது என்றேன். சேர்த்துக் கொடுக்காதது எங்கள் குறை, அதை அவர் செய்தார் என்றேன். “அப்படீன்னா விளக்கம் கேட்க வேண்டியது உங்ககிட்டதான்” என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். அது எழுத்தில் பதிவானது. மேசைக்கு அந்தப் பக்கம் அந்தோணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி உறையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தார். பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். தாளைத் திருப்பினார். மறுபடியும் திருப்பப் போனார். நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “திருப்பாதீங்க சார். இப்படியே பாருங்க” என்று சொல்லி, தாளை வரைந்தவர் வைத்தபடி வைத்தேன். ஒவ்வொரு குழாயாக விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தேன். தொட்டியின் மூலையில் சிறிய இடம் ஒன்று காலியாக இருந்தது. அங்கே பென்சிலால் ‘வென்ட், தாள் வரவேண்டும்’ என்று எழுதி, நான்கு தேதிகளைப் போட்டிருந்தார் அந்தோணி. நகலில் அது பதியவே இல்லை. புகார் எழுதிய அன்று இதே தாள் இரண்டு மணி நேரம் என் மேசையில்தான் இருந்தது. தலைகீழாக இருக்கிறதே என்று நான் அந்த எழுத்தைப் படிக்கவில்லை.